வேனுக்கு ஆள் தேவை

"இடம் மாறி வந்துட்டியாம்மா? இது டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ" என்றார் மேனேஜர்.

"அதுக்குத்தான் சார் வந்தேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியை ஒன்பது வருஷமாகக் கூட்டுகிறவள், விளக்குமாறு இல்லாமல் அவர் எதிரில் நிற்பது அதுதான் முதல் தடவை.

பக்கத்து நாற்காலியில் வேன் டிரைவர் இருந்தார். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. அவர் இடத்துக்குத்தான் ஆள் எடுக்கிறார்கள். வந்தது ஐந்து பேர். நாலு பேரைப் பார்த்தாகிவிட்டது.

"லைசென்ஸ்?"

நீட்டினாள். மேனேஜர் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். படத்திலும் அவள்தான் இருந்தாள்.

"எத்தனை தடவையில வாங்கினே?"

"மூணாவது தடவையில. முதல் தடவை வண்டி நின்னு போச்சு. ரெண்டாவது தடவை கம்பத்துல இடிச்சுட்டேன்."

"இதைத் தைரியமா வேற சொல்றே."

"கேட்டீங்களே சார்."

"இடிச்சதைச் சொல்றவங்களை நம்பலாம் சார்" என்றார் டிரைவர். "முன்னால வந்த நாலு பேரும் இதுவரைக்கும் எதுலயும் இடிச்சதே இல்லையாம்."

மேனேஜர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"ஆசை யாருக்கும் வரும்மா. விடாம செய்யறதுதான் கஷ்டம். ஒவ்வொரு ஜனவரியும் எல்லாரையும் உட்கார வெச்சு இதைத்தான் சொல்றேன். இலக்கை எழுதுங்க, தினமும் கொஞ்சம் செய்யுங்க, வாழ்க்கை சந்தோஷமா இருக்கும்னு. படிச்சவங்களே நாலு நாள் தாங்க மாட்டேங்கிறாங்க. உனக்கு எதுக்கு இந்த வம்பு? இருக்கிற வேலையை நிம்மதியா பாரேன்."

"ஓட்டிக் காட்டிட்டு நிம்மதியா இருக்கேன் சார்."

டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நாலு பேருக்கும் வைத்த அதே சோதனைதான். கேட்டைத் தாண்டிப் போய், கடைத்தெருவைச் சுற்றி வந்து, பெட்டி ஏற்றும் ஷெட்டுக்குள் வேனைப் பின்பக்கமாக நிறுத்த வேண்டும். ரிவர்ஸ் எடுக்கும்போது சுவருக்கும் வண்டிக்கும் இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் இருக்கும். நாலு பேரில் மூன்று பேர் உரசியிருந்தார்கள்.

அவள் சீட்டை முன்னால் இழுத்தாள். மூன்று கண்ணாடிகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள். மேனேஜர் பக்கத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"கிளட்ச்சை மெதுவா விடணும்."

"சரி சார்."

"ஹாரன் அடி."

"முன்னால யாருமே இல்லையே சார்."

பின்சீட்டில் இருந்த டிரைவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கடைத்தெருவைச் சுற்றித் திரும்பியபோது ஷெட்டில் வேலை நின்றிருந்தது. பசையும் கையுமாக எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கூட்டற அக்கா, சுவரை மட்டும் விட்டு வைங்க. நாளைக்கு நீங்கதான் கூட்டி அள்ளணும்" என்றான் ஒருவன். சிரித்தார்கள்.

அவள் திரும்பவில்லை. பாதி தூரம் பின்னால் வந்து நிறுத்தினாள். கொஞ்சம் முன்னால் போனாள். சக்கரத்தை நேராக்கினாள். பிறகு ஒரே இழுப்பில் உள்ளே வந்து நின்றாள்.

டிரைவர் பின்கதவு வழியாக இறங்கி, கையால் அளந்து பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு சாண். வலது பக்கம் ஒரு சாண், ரெண்டு விரல். நான் விட்டா நாலு விரல் வித்தியாசம் வரும்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. கிண்டல் செய்தவன் முதலில் கையிலிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு தட்டினான். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் நேராக உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் கைப்பிடியை விட்டார். "இந்த ஆசையை யாரு கிளப்பிவிட்டது? நம்ம டிரைவரா?"

"அண்ணன் ரிவர்ஸ் மட்டும்தான் சார் சொல்லிக் கொடுத்தாரு. போன வருஷம் உங்க ஜனவரி கூட்டத்துக்கு முப்பத்தெட்டு நாற்காலி போட்டேன். முடிஞ்சதும் ஹாலைக் கூட்டினா, இலக்கு எழுதின காகிதம் முப்பத்தொண்ணு கீழே கிடக்குது. எல்லாம் ஒரு வரி, ரெண்டு வரி. ஒண்ணு மட்டும் பக்கம் முழுக்க. கார் ஓட்டப் பழகணும். தினமும் காலையில ஒரு மணி நேரம். பயம் போற வரைக்கும் நிறுத்தக் கூடாது. தோத்தாலும் மறுநாள் போகணும். இப்படி வரிசையா இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிச்சேன்."

"சரி, அதுக்கு?"

"யாரோ இவ்வளவு யோசிச்சு எழுதி, கசக்கிப் போட்டுட்டாங்க. வீணாப் போகுதேன்னு நான் எடுத்துக்கிட்டேன். அதுல இருக்கிற மாதிரியே செஞ்சேன். அவ்வளவுதான் சார்."

பர்ஸிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

"எழுதினவங்க யாருன்னு தெரிஞ்சா கொடுத்துடுங்க. எனக்கு அதோட வேலை முடிஞ்சிருச்சு."

மேனேஜர் பிரித்துப் பார்த்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பழைய மடிப்பிலேயே மடித்தார்.

"அடுத்த மாசத்திலிருந்து வேன் உங்க பொறுப்பும்மா" என்றார்.

"சரி சார்."

இறங்கப் போனவர் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். வெளியே கைத்தட்டல் இன்னும் ஓயவில்லை. காகிதத்தைத் தன் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை காலையில ஒரு மணி நேரம் எனக்குச் சொல்லித் தர முடியுமாம்மா? எழுதினதோட நான் நின்னுட்டேன்."