பாதிக் காருக்கு வெள்ளிப் பெயிண்ட்

"அப்போ சம்பந்தி வீட்டுல காரோட வலது பக்கத்தை மட்டும்தான் காட்டுவீங்களா?" என்று கேட்டாள் பூர்மாகான்.

கெனெஷ்பெக் மனைவியை முறைத்தார். காலி ஸ்ப்ரே டப்பாவை ஆட்டிப் பார்த்தார். 'புஸ்' என்று காற்றுதான் வந்தது.

காரின் நான்கு சக்கரங்களும் துருப்பிடித்துக் கிடந்தன. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலிக்கு ஓர் ஆடே வாங்கலாம் என்று, தானே அடிப்பதாகக் கிளம்பினார். பாலிக்சி ஊர்ச் சந்தையில் பெயிண்ட் கடைக்காரன், "ரெண்டு டப்பா வேணும், அடிப்பூச்சும் வேணும்" என்றான். தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறான் என்று சிரித்துவிட்டு, ஒரே ஒரு டப்பா வாங்கி வந்தார்.

டயரில் படாமலிருக்க, வீட்டில் குவிந்து கிடந்த ஊரார் கல்யாணப் பத்திரிகைகளை டயருக்கும் சக்கரத்துக்கும் நடுவே வரிசையாகச் செருகினார்.

"பார்த்தியா மூளையை!"

"பார்த்தேன், பார்த்தேன். டப்பாவைத் தள்ளிப் பிடிங்க. வழியுது."

வழிந்தது. சொட்டுச் சொட்டாக வழிந்து, அப்படியே காய்ந்தது. வலது பக்கத்து இரண்டு சக்கரம் முடிந்தபோது டப்பாவும் முடிந்தது. கடையும் மூடியாயிற்று. மறுநாள் காலையில் மகன் கல்யாணத்தை நிச்சயம் செய்ய, பெண்ணுக்குத் தோடு போடப் போக வேண்டும்.

"பொண்ணோட அப்பாவே கார் பெயிண்டர். அவர் அடிச்ச கதவுல முகம் பார்த்து ஷேவ் பண்ணலாம்னு கராகோல் ஊர் முழுக்கச் சொல்றாங்க. அவர்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"மாப்பிள்ளையோட அப்பன் போய், சக்கரத்துக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுங்கன்னு நிக்கறதா? என் மானம் என்ன ஆகறது?"

"இப்ப ரொம்ப நல்லா இருக்கு உங்க மானம். சொட்டுச் சொட்டா வழியுது."

காலையில் கராகோல் போய்ச் சேர்ந்ததும், தெருவை இரண்டு சுற்றுச் சுற்றி, வெள்ளிப் பக்கம் சம்பந்தி வீட்டு வாசலைப் பார்க்கும்படி காரை நிறுத்தினார். இப்படி ஒரு யோசனை வேறு எந்த முட்டாளுக்காவது வந்திருக்குமா என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

சம்பந்தி ஷார்ஷென் ஓடி வந்து கட்டிக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க சம்பந்தி."

"எதுக்கு?"

"விருந்தாளி குதிரையை விருந்தாளியே கட்டினா ஊர் சிரிக்காதா? எங்க அப்பா கடிவாளத்தை வாங்குவார், நான் சாவியை வாங்குறேன். நிழல்ல விட்டுட்டு வந்துடறேன்."

மறுக்க முடியாது. மறுத்தால் அந்த வீட்டையே மதிக்கவில்லை என்று அர்த்தம். கெனெஷ்பெக் சாவியைக் கொடுத்தார்.

ஷார்ஷென் காரைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் போனார். நின்றார். குனிந்தார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. கெனெஷ்பெக் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்.

கார் பின்கட்டுக்குப் போயிற்று. போன மனிதர் திரும்பி வரவில்லை.

தேநீர் வந்தது, பெஷ்பர்மக் என்கிற கறி நூடுல்ஸ் வந்தது. விருந்தாளிக்கென்று ஆட்டுத் தலையும் வந்தது. வீட்டுக்காரர் கையால் தர வேண்டிய அதைக்கூட ஷார்ஷெனின் அண்ணன்தான் எடுத்துக் கொடுத்தார்.

"சம்பந்தி எங்கே?"

"இதோ, வந்துடுவான். நீங்க சாப்பிடுங்க."

இதே கேள்வி, இதே பதில், நான்கு தடவை. பின்கட்டிலிருந்து யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது.

"ஆளுங்களைக் கூட்டி வச்சு என் சக்கரத்தைக் காட்டிச் சிரிக்கிறான்" என்று மனைவியின் காதைக் கடித்தார் கெனெஷ்பெக். "தோட்டை உள்ள வை. கிளம்பலாம். இந்தச் சம்பந்தமே வேண்டாம்."

பூர்மாகான் அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"இந்தப் பொண்ணு இல்லேன்னா கல்யாணமே வேண்டாம்னு ரெண்டு வருஷமா நிக்கிறான் நம்ம அஸ்கத். ரெண்டு சக்கரத்துக்காகப் பிள்ளை வாழ்க்கையைக் கெடுப்பீங்களா? வாயை மூடிட்டு உட்காருங்க."

வாயை மூடிக்கொண்டார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதை யாரும் தடுக்கவில்லை.

பூர்மாகான் பெண்ணுக்குத் தோடு போடும்போதுதான் ஷார்ஷென் வந்து வாசற்படியில் நின்றார். எல்லோரும் இரு கைகளையும் விரித்து ஆசி கேட்டார்கள். பெற்ற தகப்பன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

சொந்த மகளுக்கு ஆசி கேட்கக் கையை விரிக்காத மனிதனும் ஒரு மனிதனா!

கிளம்பும்போது கார் வாசலில் தயாராக நின்றது. கெனெஷ்பெக் யாரையும் பார்க்காமல், எதையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்து விருட்டென்று கிளப்பினார். ஏரிக்கரை வரைக்கும் ஷார்ஷெனின் பரம்பரையையே திட்டித் தீர்த்தார்.

வழியில் சர்க்கரைப் பாதாமிப் பழம் விற்கிறவளைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள் பூர்மாகான். பழத்தை வாங்கிக்கொண்டு காரின் இடது பக்கமாக வந்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, இறங்கி வாங்க."

இடது பக்கத்துச் சக்கரங்கள் இரண்டும் வெள்ளியாக மின்னின. பொட்டுத் துரு இல்லை. டயரில் ஒரு புள்ளி பெயிண்ட் இல்லை.

"அதான் மனுஷன் கையைக் காட்டலை" என்றாள் பூர்மாகான். "கையெல்லாம் பெயிண்ட்டா இருந்திருக்கும்."

 வழியெல்லாம் திட்டிய வாயில் ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது கெனெஷ்பெக்குக்கு.

"ஆனா அவ்வளவு பெரிய பெயிண்டர், இங்க பாருங்க, இவருக்கும் வழிஞ்சிருக்கே!"

கெனெஷ்பெக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து வலது பக்கம் போய்ப் பார்த்தார். மறுபடியும் இடது பக்கம் வந்தார்.

அங்கே அவர் எந்தெந்த இடத்தில் வழிய விட்டிருந்தாரோ, இங்கே அதே இடங்களில் அளவெடுத்தாற்போல் வழிய விட்டிருந்தார் ஷார்ஷென்.