இந்த வீட்டில் நாய்க்கு இடமில்லை

"வீட்டையே கொளுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

வாசற்படியைத் தாண்டாமல், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு கத்தினாள் வீட்டுக்காரம்மா. கதவைச் சாத்தக்கூட விடவில்லை. மழைக்காற்று நேராக உள்ளே அடித்தது.

மாடியில் குடியிருக்கும் தையல்காரிக்குச் சுர்ரென்று ஏறியது. காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை, அதற்குள் கண் திறக்காத நாய்க்குட்டிகள். அப்போது பிடித்த கோபமே இன்னும் அடங்கவில்லை. இப்போது இவள் வேறு.

"குட்டிங்களை அட்டைப்பெட்டிக்கு மாத்தினோம், குளிரும்னு இவர்தான் பல்பு கட்டினார். அதுக்கு எதுக்கும்மா இவ்வளவு கத்தறீங்க?"

"உன் புருஷன் எலக்ட்ரீஷியன்தானே, அவர் கட்டற லட்சணமா இது? அட்டைப்பெட்டிக்கு ஒரு சாண் மேலே நூறு வாட்ஸ் பல்பு! பக்கத்துல உன் துணி மூட்டை வேற. பத்திக்கிட்டா யார் பொறுப்பு? நல்லா உயர ஏத்துங்க. ஒரு மூலைக்குத் தள்ளுங்க. பெட்டியில பாதி இடம் ஆறியே இருக்கணும், சொல்லிட்டேன்!"

"கொண்டு வந்து போட்ட மகராசியை விட்டுடுங்க, எங்களைத் திட்டுங்க! கொட்டற மழையில பச்சைக் குட்டிங்களை வாசல்ல வச்சுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ! அவ மட்டும் கையில கிடைக்கட்டும், வச்ச கையை ஒடிச்சிடறேன்."

வீட்டுக்காரம்மா மறு கையைச் சட்டென்று முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு குரல் இரண்டு மடங்கானது. "யார் வச்சா எனக்கென்ன? இந்த வீட்டுல நாய்க்கு இடமில்லை. சாயங்காலத்துக்குள்ள முடிவு தெரியணும்!"

"நல்லா உறைக்கிற மாதிரி சொல்லு!" என்று கீழேயிருந்து வீட்டுக்காரரின் குரல் வந்தது.

அவள் இறங்கிப் போனதும் தையல்காரியின் கணவன் ஸ்டூலைப் போட்டு ஏறினான். "அந்தம்மா உன்கிட்ட பேசறாங்களா, மாடிப்படிகிட்ட பேசறாங்களா? மூஞ்சி முழுக்க அந்தப் பக்கமே இருந்துச்சு."

"ஊருக்கே கேக்கணும்ல! நீங்க என்ன, அவ சொன்னதும் பல்பை ஏத்தறீங்க? வெக்கமா இல்ல?"

"அட்டையைத் தொட்டுப் பாருடி. அடுப்பு மாதிரி கொதிக்குது."

பல்பு மூலைக்குப் போனதும், ஆளுக்கொரு பக்கம் சிதறிக் கத்திக்கொண்டிருந்த மூன்று குட்டிகளும் ஊர்ந்து வந்து ஒன்றாய்ச் சுருண்டு தூங்கின. வீட்டுக்காரம்மா சொன்னதே சரியாகிப்போனது தையல்காரியின் கோபத்தை இன்னும் கிளறியது.

நாலாவது குட்டி பெட்டியில் இல்லை. நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள அந்தப் பொடிசு, எடுத்தபோதே ஐஸ்கட்டியாய்ச் சில்லிட்டிருந்தது. அதைச் சால்வைக்குள் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் காலையிலிருந்து நடமாடுகிறாள். பிழைக்குமோ, பிழைக்காதோ. வீட்டுக்காரம்மாவிடம் மூச்சு விடவில்லை. தெரிந்தால் அதற்கும் ஒரு பாட்டு கேட்க வேண்டும்.

மதியம் அந்தப் பொடிசுக்காகப் பால் கலக்கி, சொட்டு மருந்துக் குழாயில் எடுத்தபோது மறுபடியும் கதவு படாரென்று திறந்தது.

"பாலா? சில்லுனு கிடக்கிற குட்டிக்குப் பால் ஊத்தினா செரிக்காது, வாந்திதான் எடுக்கும். அப்புறம் என் தரை நாறும். முதல்ல சூடு, பிறகுதான் பால்! அதென்ன, வெந்நீர் பாட்டிலை அப்படியே போட்டிருக்கே? ஒழுகிக் கீழே என் கூரை நனைஞ்சா யார் பெயின்ட் அடிக்கிறது? கனமாத் துணியைச் சுத்து!"

"உங்க தரை, உங்க கூரை! உசிருன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாதா உங்களுக்கு?"

வீட்டுக்காரம்மா விறுவிறுவென்று படியிறங்கினாள்.

தையல்காரி குழாயை மேசைமேல் எறிந்தாள். அந்த ஆத்திரத்தில் பொடிசுக்குப் பால் கிடைக்க இரண்டு மணி நேரம் தாமதமானது. அதற்குள் அதன் வயிறு வெதுவெதுப்பாகியிருந்தது. முதல் சொட்டை நாக்கால் தேடி வாங்கிக்கொண்டபோது அவளுக்குக் கண் கலங்கியது.

ஐந்து மணிக்கு வீட்டுக்காரம்மா மூன்றாவது முறையாக வந்து நின்றாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே தையல்காரி முந்திக்கொண்டாள்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். இதுங்களைத் தெருவுல போட எங்களால முடியாது. நாங்களே வீட்டைக் காலி பண்றோம். இரக்கமே இல்லாத வீட்டுல இருக்கறதைவிட மழையில நிக்கலாம்!"

கணவன் திடுக்கிட்டுப் பார்த்தான். ஆனாலும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

"என்னவாம்?" என்று கீழேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார்.

வீட்டுக்காரம்மா படிக்கட்டுப் பக்கம் திரும்பித் தொண்டை கிழியக் கத்தினாள். "கண்ணு திறக்கிற வரைக்கும் டைம் கொடுங்கன்னு கெஞ்சறாங்க! ரெண்டு வாரம், அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாதுன்னு கறாராச் சொல்லிட்டேன்!"

"சரி சரி, ரெண்டு வாரத்துக்கு மேல விடாதே!"

"யாரும்மா கெஞ்சினது?" என்று பொங்கினாள் தையல்காரி.

வீட்டுக்காரம்மா அன்று முதன்முறையாக வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். கைக்குட்டையை எடுத்துவிட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். விரலால் எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். அவள் முகம் வெளுத்தது.

"நான் நாலு வச்சேனே..." என்றாள், கீழே கேட்காத குரலில். "நெத்தியில வெள்ளையா ஒண்ணு இருந்துச்சே, அது எங்கேம்மா?"