மார்பளவு சக்கரம்

பட்டறைக்குப் பின்னால் உள்ள மேட்டில், பழுதான லாரிகளை இழுத்துவரும் புது வண்டி நிற்கிறது. சோதனைக்காக அதன் கொக்கியில் மணல் லாரி ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். எடுப்பாக இருக்கட்டும் என்று முதலாளி கேட்டு வாங்கிய சக்கரங்கள் அவருடைய மார்பு உயரம். அவற்றின் பளபளப்பில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொள்கிறார். ஸ்டியரிங்கில் அவருடைய அக்கா. நாளை முதல் மலைப்பாதையில் இதை ஓட்டப்போகிறவள் அவள்தான். கிளட்சை விடுகிறாள். எஞ்சின் ஊரைக் கூட்டுகிறது, கருகல் வாடை எழுகிறது, வண்டி மணல் லாரியோடு சேர்ந்து பின்னால் சரிகிறது. பிரேக் கிறீச்சிட, மெக்கானிக் ஓடிப்போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கிறார்.

“சக்கரம் பெருசானா இழுவை குறையும்ணே. இதுதான் வேணும்னா ஆக்சில் கியரை மாத்தணும். இல்லன்னா பழைய சின்ன சக்கரம். எதைச் செஞ்சாலும் வேகம் குறையும்.”

“வேகமும் போச்சுன்னா நம்ம கெத்து என்னாகிறது?”

அக்கா இறங்குகிறாள். “நாம தேடிப் போறது நின்னுபோன வண்டிங்கடா. அது எங்கயும் ஓடிடாது. நான் பள்ளத்துல உருண்டா உன் கெத்தா வந்து தூக்கும்? சின்னதையே போடு.”

முதலாளி சக்கரத்தை ஒருமுறை தடவிப் பார்க்கிறார். “சரி, கழட்டு” என்கிறார். பிறகு, குரலைத் தாழ்த்தி, போனை அக்காவிடம் நீட்டுகிறார். “அதுக்கு முன்னாடி பக்கத்துல நிக்கிறேன், ஒண்ணு எடுத்துடுக்கா.”

வண்டி அசையாததால் படம் தெளிவாக வருகிறது.