ஒளிய நல்ல இடம்

“வாலிபர் ஒருத்தர்கூட ஜெபக்கூட்டத்துக்கு வர்றதில்ல. இப்படியே போனா, வாலிபர் குழுவுக்கு வேற தலைவரைத்தான் பார்க்கணும் தம்பி,” என்று போதகர் சிரித்தபடியே சொன்னார்.

 முதலில் விளையாட்டைக் காட்டித்தான் பிள்ளைகளை இழுக்க வேண்டும் என்று, குழுத் தலைவர் மறுநாள் மாலையே ஆலய வளாகத்தில் கண்ணாமூச்சி வைத்தார்.

மணிக்கூண்டு, வண்டிக் கொட்டகை, பாடகர் அறை அலமாரி என்று சல்லடை போட்டுத் தேடினார். ஓர் ஈ காக்கையைக்கூடக் காணோம்.

வியர்த்து வழிய நின்றவரின் கையைப் போதகர் ஓடிவந்து குலுக்கினார்.

“பிரமாதம் தம்பி! இன்னைக்கு ஜெபக்கூட்டத்துல அத்தனை வாலிபரும் கடைசிவரைக்கும் முழங்கால்ல நின்னாங்க!”

பின்னாலேயே வந்த வாலிபர் குழுப் பெண் ஒருத்தி கைதட்டினாள்.

“தோத்துட்டீங்கண்ணா! நீங்க தலைவச்சுக்கூடப் படுக்காத இடமாப் பார்த்துத்தான் ஒளிஞ்சோம்.”