வாப்பாவின் யுத்தம்

மகன் பார்க்கலாமா என்று தெரிந்துகொள்வதற்காகவே சிதம்பரத்துக்குப் போய் அந்த யுத்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தார் ஹபிபுல்லா.

“என்னங்க, நம்ம யூசுப்பு போவலாமா?” என்றாள் மனைவி ருக்கையா.

“வேணாம். பதினஞ்சு வயசுப் புள்ள. ரத்தம் ஜாஸ்தி.”

“நல்லாருக்கே! பர்மாவுல நீங்க தனியாளா பாலத்தைக் காத்த கதையைச் சொல்லித்தான அவனுக்குச் சோறூட்டுனீங்க? அதுல ஓடாத ரத்தமா?”

ஹபிபுல்லா தலைகுனிந்தார். ரங்கூனில் அவர் மளிகைக்கடைச் சிப்பந்தி. குண்டு விழுவதற்கு முன்பே கப்பலேறிவிட்டவர். பாலச் சண்டை ஒரு மொழிபெயர்ப்பு நாவலில் படித்தது. அந்த நாவலைத்தான் படமாக எடுத்திருந்தார்கள்.

மூலையில் படித்துக்கொண்டிருந்த யூசுப் நிமிரவில்லை.

“நேத்தே திருட்டுத்தனமா பாத்துட்டேம்மா. அதுலயும் ஒரு பாலம் வருது. ஆனா வாப்பா சண்டை மாதிரி வராது.”