நாலாவது பக்கம்

"தம்பி, இந்தப் பக்கம் மட்டும் வேலி வேண்டாமே."

ஓங்கிய கடப்பாரையோடு மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து மனைக்காரர், தையல் மாஸ்டர், கழுத்தில் டேப்பைத் தொங்கவிட்டபடி நின்றிருந்தார். அந்த டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் யாரும் இல்லை. குளிக்கும்போதாவது கழற்றுவாரா என்பதே சந்தேகம்.

"ஏன் மாஸ்டர்?"

"மூணு பக்கம் வச்சாச்சு, அழகா இருக்கு. நமக்குள்ள எதுக்கு வேலி? திறந்தே கிடக்கட்டும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மெக்கானிக்குக் குழி வெட்டக் கை ஓடவில்லை.

அந்த வீடு அவர் கையால் கட்டியது. பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே. லாரி இன்ஜினையே பிரித்து மாட்டுகிறவனுக்கு நாலு சுவர் ஒரு விஷயமா என்று கொத்தனாரைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. லீவு நாளெல்லாம் அவர் கல் அடுக்க, மனைவி கலவை சுமக்க, நாலு வருஷத்தில் வீடு எழும்பியது. பாக்கி இந்த வேலி மட்டும்தான். மூன்று பக்கம் செம்பருத்தி நட்டாகிவிட்டது.

"பார்த்தியா? இன்னைக்குத் திறந்து கிடக்கட்டும்பார். நாளைக்கு ஓரமா ஒரு கொட்டகை போடுவார். அப்புறம் அது அவர் இடம்பார்."

"யாரு, மாஸ்டரா?" என்றாள் மனைவி. "சும்மா இருங்க. நாம வீடு கட்டறப்போ தண்ணி கொடுத்த மனுஷன்."

"அப்பவே நோட்டம் விட்டிருக்கார்."

சந்தேகம் வந்துவிட்டால் போதும், பழைய உபகாரமெல்லாம் குற்றப்பத்திரிகையில் சேர்ந்துவிடும்.

மிச்சமிருந்த செம்பருத்திக் கன்றுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நர்சரிக்குப் போனார்.

"இதையெல்லாம் எடுத்துக்கிட்டு, முள்ளு இருக்கறதா ஏதாவது கொடுங்க."

"ஆடு மாடு உள்ள வருதா?" என்றார் நர்சரிக்காரர்.

"இல்ல. பக்கத்து வீடு."

நர்சரிக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய்க் காகிதப்பூக் கன்றுகளை எடுத்து வந்தார். "ஒரே வருஷத்துல ஆளுயரம் வந்துடும். கையை விட்டா கீறல் இல்லாம வெளிய எடுக்க முடியாது."

"இதைத்தான் தேடினேன்."

கன்றுகளை வரிசையாக இறக்கி வைக்கும்போது மாஸ்டர் மறுபடியும் வந்தார்.

"தம்பி, நான் சொன்னதை யோசிச்சுப் பார்த்தீங்களா?"

"யோசிச்சேன் மாஸ்டர். நாளைக்கு சர்வேயர் வர்றார். அளந்து, கயிறு கட்டி, அந்தக் கயித்து மேலதான் நடப்போறேன்."

மாஸ்டர் முகம் செத்துவிட்டது.

"சர்வேயர் எல்லாம் எதுக்கு? வேலிதானே, நீங்க இஷ்டப்பட்ட இடத்துல வச்சுக்கங்க. அளக்க மட்டும் வேண்டாம்."

எப்படி, நான் சொன்னேனா என்பதுபோல் மெக்கானிக் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இப்போது அவளும் மாஸ்டரை ஒரு மாதிரி பார்த்தாள்.

"அடுத்தவர் மண்ணு ஒரு பிடி எனக்கு வேண்டாம் மாஸ்டர். என் மண்ணு ஒரு பிடி யாருக்கும் விடவும் மாட்டேன்" என்றார் மெக்கானிக், தெருவுக்கே கேட்கும்படி.

மறுநாள் காலையிலேயே சர்வேயர் வந்துவிட்டார்.

"எந்தக் கல்லை வச்சு வீடு கட்டினீங்க?"

மெக்கானிக் பெருமையாக ஓரத்தில் சுண்ணாம்பு அடித்திருந்த கல்லைக் காட்டினார். சர்வேயர் குனிந்து பார்த்தார்.

"இது எல்லைக்கல் இல்லீங்களே. தண்ணிக் குழாய் போட்டவங்க அடையாளத்துக்கு நட்ட கல். கட்டறதுக்கு முன்னாடி ஆள் வச்சு அளக்கலையா?"

"நானே அளந்தேன்" என்றார் மெக்கானிக்.

சர்வேயர் தெருமுனைக் கல்லிலிருந்து அளந்தார். வெளியே அளந்தார், உள்ளே அளந்தார். கடைசியில் சமையலறைக்குள் வந்து, அடுப்பு மேடைக்கு இந்தப் பக்கம் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"எல்லை இங்க வருது. இந்த அடுப்பு, இந்தச் சுவர், வெளிய நீங்க வெட்டின குழி, எல்லாம் பக்கத்து மனை. நான் எழுதிக் கொடுத்தா சுவரை இடிக்க வேண்டியிருக்கும். மனைக்காரர் என்ன சொல்றார்?"

மாஸ்டர் வாசற்படியில் நின்றிருந்தார்.

"எழுத வேண்டாம் சார். எனக்கு ஆட்சேபணை இல்ல. நீங்க கிளம்புங்க."

சர்வேயர் போய்விட்டார். சுவரைப் பிடிக்கப் போன மெக்கானிக், அது யார் சுவர் என்று நினைத்தவர்போல் கையை எடுத்துக்கொண்டார்.

"மாஸ்டர், சத்தியமா எனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியாதுதான் தம்பி. சுவர் எழும்பறப்பவே எனக்குத் தெரியும். அளந்து அளந்து பழகின கண்ணு இல்லையா?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் வந்தேன். சுவர் இடுப்பளவு ஏறியிருந்தது. தங்கச்சி கையெல்லாம் கொப்புளம். துணின்னா பிரிச்சுத் தைங்கன்னு சொல்லிடலாம். இதை எப்படிச் சொல்றது? தண்ணி வேணுமான்னு கேட்டுட்டுத் திரும்பிட்டேன்."

மெக்கானிக்கின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெளியே காகிதப்பூக் கன்றுகள் முள்ளும் முனையுமாக வரிசையில் காத்திருந்தன.

"அப்போ... வேலி வேண்டாம்னு சொன்னது?"

மாஸ்டர் உள்ளே வந்து சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்து அழித்தார்.

"வேலி போடறவங்க எப்படியும் அளப்பாங்க தம்பி. அளந்தா உங்களுக்குத் தெரிஞ்சு போயிடும். அப்புறம் இந்த அடுப்புல ஆக்கினது உங்களுக்கு எப்படித் தொண்டையில இறங்கும்?"