கொக்கு கோச்சும் ரெண்டு பரோட்டாவும்

ஏய், உக்காருங்கப்பா. நீங்க வாயை மூடினாத்தான் எனக்குக் கதை வரும்.

அன்னிக்குக் காலேஜ் பாஸ்கெட்பால் ஃபைனல். தோத்தா கொக்கு கோச்சுக்கு வேலை போயிடும். எப்பாடு பட்டாவது கத்திக் கத்தியே அவரைக் காப்பாத்திடணும்னு மதுரை அணில் வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்து உக்காந்துச்சு. இந்தப் பக்கம் விருதுநகர் காக்கா, அதுவும் அதே டீமுக்கு ரசிகர்தான். அந்தப் பக்கம் ஆமை, கண்ணை எடுக்காம ஆட்டத்தையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

"இந்தக் கொக்கைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடணும்டா. நம்ம டீமே ஊத்திக்கிச்சு"ன்னுச்சு காக்கா.

"ஊத்தினாத்தாண்டா ருசி. எங்க ஊர்ப் பரோட்டாவுல சால்னாவை ஊத்திப் பாரு. நீங்க எண்ணெயில பொரிச்சு அப்பளமாக்கிடுறீங்க"ன்னுச்சு அணில்.

"யாரைப் பாத்து அப்பளங்கிற? உங்களுது ஊறப்போட்ட துணி."

அவ்வளவுதான். மொறுமொறுவா, மெத்துமெத்தாங்கிற சண்டையில கடைசி விசில் ஊதினதுகூடக் காதுல விழல. திரும்பிப் பாத்தா மைதானமே காலி.

அணிலுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. "ஐயோ, ஆமையண்ணே, கோச்சை மாத்திட்டாங்களா?"

ஆமை மெல்லக் கழுத்தை நீட்டுச்சு. "ஜெயிச்சாச்சு, கோச் இருக்காரு. ரசிகருங்களைத்தான் மாத்தணும்னு டீம்காரங்க பேசிக்கிட்டுப் போனாங்க."